பழைய சிற்றாலயச் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

தூத்துக்குடியில் டச்சுக்காரர் 1750இல் கட்டிய திரித்துவ ஆலயம், பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த குளோரிந்தா ஆலயம் இரண்டும் இன்று நாம் பூசும் போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு (1824) மூத்தவை. இந்த வயதுச் சுவரில் காரை பெயர்ந்தால் எதைப் பூசுவது?

செலவு, ஆள்
சிமெண்ட்: எந்தக் கொத்தனாரும் பூசுவார், வேலை சீக்கிரம் முடியும்.
சுண்ணாம்பு: தெரிந்த ஆளைத் தேட வேண்டும், கூலி கூடும்.

உழைப்பு
சிமெண்ட்: கலந்த உடனே பூசலாம்.
சுண்ணாம்பு: சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் இரண்டு மூன்று வாரமாவது ஊற வேண்டும். நீறாத கட்டி கிடந்தால் பூசிய பிறகு வெடித்துக் குழி விழும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் ஆகவே ஆகாது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது பழைய வழக்கம். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டுங்கள்.

ஆயுள்
இங்கேதான் முடிவு இருக்கிறது. தரையிலிருந்து ஏறும் உப்பு ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். பிடிப்பு விட்ட சிமெண்ட் பூச்சை விரல் முட்டியால் தட்டினால் டொப்பென்று கேட்கும். பிறகு பாளமாக விழும், செங்கல் முகத்தையும் ஒட்டிக்கொண்டு.

புதுக் காம்பவுண்டுச் சுவர், கழிப்பறைக்குச் சிமெண்ட் போதும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான். முன்பே சிமெண்ட் பூசியிருந்தால் கையுளியால் மெதுவாகக் கொத்துங்கள். செங்கல்லும் சேர்ந்து பெயர்ந்தால் அந்த இடத்தை அப்படியே விடுங்கள்.