ஐடி ரிட்டர்ன் நாமளே போடறதா, ஆடிட்டர்கிட்ட குடுக்கறதா? எங்க வீட்ல ரெண்டுமே நடக்குது

பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாடு பார்டரை ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை பக்கத்துக்காரங்களுக்காகத்தான் முக்கியமா எழுதறேன், மத்தவங்களுக்கும் பாதி பொருந்தும். முடிவை முதல்லயே சொல்லிடறேன். சம்பளம் மட்டும்தான் வருமானம்னா காசு குடுத்து ஆடிட்டர்கிட்ட போகாதீங்க, போர்ட்டல் போதும். தென்னந்தோப்பு இருந்தா, அதுவும் உங்க பேர்லயே இருந்தா, ஒரு தடவையாவது ஒரு நல்ல ஆடிட்டர் முன்னாடி போய் உக்காருங்க. எங்க வீட்ல வீட்டுக்காரம்மாவோட ரிட்டர்னை நாங்களே போடறோம், என்னோடது பொள்ளாச்சில ஒரு ஆடிட்டர் போடறார்.

முதல்ல போர்ட்டல். இன்கம் டாக்ஸ் டிபார்ட்மென்ட்டோட இ-ஃபைலிங் சைட்டு, பைசா கிடையாது. 2021 ஜூன்ல புதுசா மாத்தினப்ப அது பண்ண அழும்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், லாகினே ஆகாது, ஆனா ஓடிபி மட்டும் வரிசையா வரும். இப்ப அப்படி இல்லீங்க, நெஜமாவே நல்லா இருக்கு. பேன் நம்பர்தான் யூசர் ஐடி, ஆதார் ஓடிபி, உள்ள போனா சம்பளம், பேங்க் வட்டி, பிடிச்ச டிடிஎஸ் (நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கற வரி) எல்லாம் ஏற்கனவே ஃபில் ஆகி நிக்குது. வீட்டுக்காரம்மா டீச்சர், சம்பளமும் கொஞ்சம் எஃப்டி வட்டியும்தான், ஐடிஆர்-1ங்கற எளிய ரிட்டர்ன் ஃபார்மே போதும். வேலை குடுக்கறவங்க தர்ற சம்பள, டிடிஎஸ் சர்டிஃபிகேட்டான ஃபார்ம் 16-ஐ பக்கத்துல வெச்சுக்கிட்டு, நம்ம வருமானம் பத்தி டிபார்ட்மென்ட்டுக்கு வந்த தகவலெல்லாம் இருக்கற ஏஐஎஸ்னு ஒரு ஸ்டேட்மென்ட் இருக்கு, அதை டவுன்லோட் பண்ணி வரிவரியா ஒத்துப் பார்த்தா வேலை முடிஞ்சது. ஏஐஎஸ்ல என்னென்ன வருதுன்னு பார்த்தா கொஞ்சம் பயமாவே இருக்கும், நாமளே மறந்துபோன பேங்க் அக்கவுண்ட்டு வட்டி, பத்து ஷேருக்கு வந்த டிவிடெண்ட், வித்த மியூச்சுவல் ஃபண்ட், எல்லாம் வரிசையா இருக்கும்.

பழைய ரெஜிமா (கழிவுகள் ஜாஸ்தி இருக்கற வரி முறை) புது ரெஜிமா (கழிவு கம்மி, ரேட்டும் கம்மி)ங்கறதுக்கும் ஆடிட்டர் தேவையில்ல, அதே சைட்ல கால்குலேட்டர் இருக்கு, ரெண்டுலயும் எவ்வளவு வருதுன்னு பக்கத்துல பக்கத்துல காட்டிடும். சம்பளக்காரங்க ஒவ்வொரு வருஷமும் மாத்திக்கலாம், ஆனா பழைய ரெஜிம் வேணும்னா ரிட்டர்ன் போடற கெடுவுக்குள்ள போட்டாத்தான். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, சப்மிட் பண்ணிட்டா முடிஞ்சதுன்னு எந்திரிச்சு போயிடக்கூடாது, 30 நாளைக்குள்ள இ-வெரிஃபை (நாம போட்டதுதான்னு ஆன்லைன்ல உறுதி) பண்ணணும், அதுக்கு மேல போனா வெரிஃபை பண்ணின நாள்தான் போட்ட நாளா எடுத்துக்குவாங்க, பண்ணாமயே விட்டா போட்டதே கணக்குல வராது. கஞ்சிக்கோட்ல எங்க கம்பெனில இதுல மாட்டினவங்க உண்டு.

வேலை மாறினவங்களும் பயப்பட வேண்டாம். கோயமுத்தூர்ல ஆறு மாசம், கஞ்சிக்கோட்ல ஆறு மாசம்னா ரெண்டு ஃபார்ம் 16 வரும், ரெண்டு கம்பெனியும் தனித்தனியா ஸ்டாண்டர்டு டிடக்ஷன் (சம்பளக்காரங்க எல்லாருக்கும் கழிக்கற ஒரே தொகை) கழிச்சு, ஸ்லாபையும் (வருமானம் ஏற ஏற கூடற வரி ரேட்டு) முதல்ல இருந்து போட்டிருப்பாங்க, அதனால கடைசில கைல இருந்து கட்ட வேண்டி வரும், வட்டியும் சேரும். ஆடிட்டர்கிட்ட போனாலும் அதே தொகைதான் கட்டணும், அவர் ஃபீஸ் வேற. ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் வித்தவங்களும் புரோக்கர் அனுப்பற ஸ்டேட்மென்ட்டை வெச்சு பொறுமையா போட்டுடலாம், பெரும்பாலும் ஐடிஆர்-2 வரும், அவ்வளவுதான். ஷேர் மார்க்கெட்ல எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடறவங்க மட்டும் தனி ஜாதி, அது பிசினஸ் வருமானம், ஐடிஆர்-3, விட்ட நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்கு கொண்டு போகணும்னா கெடுவுக்குள்ள போட்டே ஆகணும். அவங்க ஆடிட்டர்கிட்ட போறது நல்லது, எதுக்கு ஆடறாங்கன்னு அவரே ஒரு வார்த்தை கேட்டு வைப்பார்.

இப்ப நம்ம சமாச்சாரத்துக்கு வரேன். போர்ட்டலுக்கு அடுத்தவன் சொன்னதுதான் தெரியும். கம்பெனி சொல்லுச்சு, பேங்க் சொல்லுச்சு, அதனால ஃபில் ஆயிருக்கு. தேங்காய் வித்த காசை யாரும் போய் சொல்லல, டிடிஎஸ் இல்ல, ஏஐஎஸ் காலியா இருக்கும், அதனால அந்த இடத்தை போர்ட்டல் கேக்காமயே தாண்டி போயிடும். விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையேன்னு நம்மாளுங்களும் தாண்டிடுவாங்க. வரி இல்லங்கறது சரிதான், 10(1)னு செக்ஷனே இருக்கு. ஆனா அது 5,000 ரூபாயை தாண்டி, மத்த வருமானமும் வரியில்லா வரம்பை தாண்டிட்டா, மத்த வருமானத்துக்கு எந்த ரேட்டுல வரின்னு பார்க்கற கணக்குக்கு அதையும் சேர்க்கணும். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. 5,000-க்கு மேல போனா ஐடிஆர்-1 போடவே கூடாது.

சும்மா சொன்னா புரியாது, கணக்கா பாருங்க. 2024-25 வருஷம், புது ரெஜிம், ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 போக சம்பளம் 10 லட்சம்னு வெச்சுக்கோங்க, தோப்புல செலவு போக 2 லட்சம். தோப்பை விட்டுட்டு பார்த்தா வரி 50,000. சேர்த்து போடறப்ப முதல்ல 12 லட்சத்துக்கு வரி போடணும், அது 80,000. அப்புறம் வரியில்லா 3 லட்சத்தோட தோப்பு 2 லட்சத்தை கூட்டி 5 லட்சத்துக்கு வரி போடணும், அது 10,000. கழிச்சா 70,000. ஆக 20,000 ரூபா ஜாஸ்தி, 4 சதவீத செஸ் சேர்த்தா 20,800. வரியில்லாத வருமானத்தால வர்ற வரி! இதை எங்கப்பாகிட்ட சொன்னப்ப அவர் ஆடிட்டரை திட்டினாரா கவர்மென்ட்டை திட்டினாரான்னு கடைசி வரைக்கும் தெரியல.

ஆடிட்டர்கிட்ட எனக்கு பிடிச்சதும் இந்த இடம்தான். ஃபார்ம் 16-ஐ நீட்டினா அதை வாங்கி ஓரமா வெச்சுட்டு, "பூமி எந்தப்பக்கம் தம்பி, கேரளாவா தமிழ்நாடா? யார் பேர்ல இருக்குது?"ன்னு கேட்டார். எதுக்கு சார்னு கேட்டா விஷயம் இருக்கு. பொள்ளாச்சி பக்கம் இருக்கற சொந்தக்காரங்க எல்லாம் எச்யூஎஃப் (இந்து கூட்டுக்குடும்பம்) பேர்ல தனி பேன் வாங்கி, தாத்தா சொத்து வருமானத்தை அதுல தனியா காட்டு, வரி குறையும்னு யோசனை சொல்லுவாங்க, எங்க பெரியப்பா கூட சொன்னார். அவங்களுக்கு அது சரியா இருக்கலாம். ஆனா கேரளாவுல இந்து கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கவே 1975-ல தனியா சட்டம் போட்டுட்டாங்க, 1976 டிசம்பர்ல இருந்து நடைமுறைல இருக்கு. பெரியப்பா யோசனையை பார்டருக்கு இந்தப்பக்கம் அப்படியே தூக்கிட்டு வர முடியாது. போர்ட்டல்ல எந்த பட்டனை அமுக்கினாலும் இதை யாரும் சொல்ல மாட்டாங்க, ரிட்டர்ன் போடற ஆப்ல சாட் பண்ற பையனும் சொல்ல மாட்டான். பார்டர்ல இருக்கற மனுஷன், ரெண்டு பக்கத்து கேஸையும் பார்த்தவர், அதனால வாயில வந்துச்சு.

அப்புறம் செலவு பக்கம். தோப்புல வர்றதெல்லாம் வருமானம்னு நாம எழுதிடுவோம், மரம் ஏற கூலி, உரம், மோட்டார் ரிப்பேர், எல்லாத்துக்கும் பில் இருக்கான்னு கேட்டார். பாதிக்கு இல்ல. இனிமே ஒரு நோட்டு போட்டு எழுதி வெய்யுங்கன்னார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு தனித்தனியா கேக்கற கட்டம் ஐடிஆர்-2 ஃபார்ம்லயே இருக்கு. செலவு போக 5 லட்சத்துக்கு மேல போனா இன்னும் கேப்பாங்க, எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியான்னு. ஆழியாறு தண்ணி வந்தா பாசனம், வரலைன்னா மானாவாரின்னு எங்க ஊருக்குன்னு தனியா ஒரு ஆப்ஷன் வெச்சிருக்கலாம். கள்ளு இறக்க மரத்தை விட்டிருக்கறவங்க, சித்தூர் தாலுக்கால அதுதான் பாதிப்பேரு, அந்த காசை எந்த கட்டத்துல போடறதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, பேப்பரை எடுத்துட்டு போய் கேளுங்க.

ஃபீஸ் என்கிட்ட 2,000 வாங்கினார். சம்பள ரிட்டர்னுக்கு மட்டும்னா எங்க பக்கம் 500-ல இருந்து 1,000 வரைக்கும் கேக்கறாங்க, அதுதான் வேஸ்ட்டுன்னு சொல்றேன், டைப் அடிக்கற வேலைக்கு எதுக்கு? பாலக்காட்லயும் நல்ல ஆபீஸ் இருக்கு, எனக்கு மலையாளம் பேச வரும், ஆனா வரிக்கணக்கு மலையாளத்துல கேட்டா தலைக்குள்ள போக மாட்டேங்குது, அதனால பொள்ளாச்சி. கேரளா அட்ரஸ்னா கேரளா ஆடிட்டர்தான் போடணும்னு ஒண்ணும் கிடையாது, எங்க இருந்து போட்டாலும் டிபார்ட்மென்ட்டோட பெங்களூர் பிராசஸிங் சென்டர்லதான் (சிபிசி) பிராசஸ் ஆகுது. குறைன்னு பார்த்தா ஃபோன் எடுக்க மாட்டார், வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டா நீல டிக் விழும், பதில் மறுநாள் வரும், அதுவும் ஒரு கட்டைவிரல் மட்டும்.

ஆடிட்டரும் இல்லாம போர்ட்டலும் இல்லாம மூணாவதா ஒரு ஜாதி இருக்கு, அதை பத்தி சொல்லாம விட முடியாது. "ரீஃபண்ட் வாங்கி தரோம், வர்றதுல பத்து பர்சன்ட் குடுத்தா போதும்"னு சொல்றவங்க. என் மச்சான் ஒருத்தர்கிட்ட குடுத்தான், பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். நல்ல தொகை ரீஃபண்ட் வந்துச்சு, எங்களையெல்லாம் பார்த்து சிரிச்சான். அப்புறம் டிபார்ட்மென்ட்ல இருந்து கேள்வி வந்தப்பத்தான் உள்ள போய் பார்த்தோம், கட்சி நன்கொடைக்கு கழிவு குடுக்கற 80ஜிஜிசி செக்ஷன்ல, எதோ ஒரு கட்சிக்கு இவன் பெரிய தொகை டொனேஷன் குடுத்ததா காட்டியிருக்கு. இவன் கட்சிக்காரங்க வந்தா கதவை சாத்தறவன்! அதைவிட கொடுமை, புரொஃபைல்ல இருந்த மொபைல் நம்பரும் மெயிலும் அந்தாளோடது, முதல்ல வந்த மெயிலெல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கு, அவன் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். கடைசில ஐடிஆர்-யூ (போட்டதை பின்னாடி திருத்தற ரிட்டர்ன்) போட்டு, வரி, வட்டி, அதுக்கு மேல 25 சதவீதம் எக்ஸ்ட்ரா கட்டினான், ஒரு வருஷத்துக்குள்ள போட்டதால 25, அதையும் விட்டிருந்தா 50-க்கு போயிருக்கும். பொய்க்கணக்குன்னு அவங்களே பிடிச்சுட்டா 200 சதவீதம் வரைக்கும் அபராதம். 2025 ஜூலைல இந்த மாதிரி ஏஜெண்டுங்களை நாடு முழுக்க 150 இடத்துல சோதனை போட்டது பேப்பர்லயே வந்துச்சு. கமிஷன் பேசறவன் யாரா இருந்தாலும் எந்திரிச்சு வந்துடுங்க. யார் போட்டாலும், அது ஆடிட்டராவே இருந்தாலும், புரொஃபைல்ல உங்க நம்பர் உங்க மெயில் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி பிடிஎஃப் வாங்கி படிச்சுடுங்க, நோட்டீஸ்ல வர்றது உங்க பேருதான்.

துபாய், மஸ்கட்ல இருக்கறவங்களுக்கு ஒரு வரி. என்ஆர்ஐ ஐடிஆர்-1 போடவே முடியாது, இங்க வாடகை வருது, என்ஆர்ஓ அக்கவுண்ட்ல (என்ஆர்ஐக்கு இங்க வர்ற வருமானத்தை போடற அக்கவுண்ட்) வட்டிக்கு 30 சதவீதம் பிடிக்கறாங்கன்னா ஆடிட்டர்கிட்டயே குடுங்க, ஊருக்கு வர்ற லீவை இதுக்கு செலவு பண்ணாதீங்க.

அப்புறம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து பழைய 1961 சட்டம் போய் புது சட்டம் வந்திருக்கு, செக்ஷன் நம்பரெல்லாம் மாறுது, ஆனா 2025-26 வருமானத்துக்கு பழைய சட்டம்தான், அதனால மேல சொன்ன நம்பரை உடனே மறந்துட வேண்டாம். அந்த வருஷத்துக்கு ஸ்லாப் மட்டும் வேற, என் கணக்கை அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க.

ஆடிட்டர்கிட்ட போறதா இருந்தா ஜூன் மூணாவது வாரம் போங்க. ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள்ள குடுத்துடணும், அதுக்கு முன்னாடி போய் பிரயோஜனம் இல்ல. ஜூலை கடைசில போனா ஆபீஸ் முழுக்க கூட்டம், பெரியவரை பார்க்கவே முடியாது, ஜூனியர் பையன் ஃபார்ம் 16-ஐ வாங்கி டைப் அடிச்சு குடுத்துடுவான், பூமி எந்தப்பக்கம்னு கேக்க மாட்டான். 2025-ல கெடுவை செப்டம்பர் 15 வரைக்கும் தள்ளி வெச்சு, அப்புறம் இன்னொரு நாளும் குடுத்தாங்களே, இந்த தடவையும் குடுப்பாங்கன்னு எங்க கேன்டீன்ல இப்பவே பேச்சு ஓடிட்டிருக்கு. நான் அதை நம்பி உக்காரல, தோப்பு நோட்டை எடுத்து கூட்ட ஆரம்பிச்சாச்சு.