டெக்சன் பிஎல்-330: இன்றைக்கும் ஒரு சிற்றலை ரேடியோ தேவைதான்

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றதும் எங்கள் வடகரையில் பலர் ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். இனி எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. ஒரு கையில் அடங்கும். பழைய நோக்கியா போனில் போடும் பிஎல்-5சி பேட்டரிதான் என்பதால் செங்கோட்டைக்குப் போனால் எந்த செல்போன் கடையிலும் மாற்று வாங்கலாம். மத்திய அலையில் திருநெல்வேலி 1197, மலைக்கு அந்தப் பக்கமிருந்து திருவனந்தபுரம் 1161, இரண்டும் சுத்தமாகக் கேட்கின்றன. ஸ்பீக்கர் சின்னது, பாட்டை விடப் பேச்சுக்குப் பொருத்தம். மாடியிலிருந்து தென்னைக்கு ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, மறுமுனையை ஆண்டெனா துளையில் செருகினால் சிற்றலை இன்னும் நன்றாக எடுக்கும். எல்இடி பல்பையும் சார்ஜரையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே இரைச்சல்.

நான் வாங்கியது பாரசீகம் கேட்க. துபாய் தேராவில் ஓர் ஈரானியரின் உலர்பழக் கடையில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட மொழி அது. 2019 நவம்பரில் பெட்ரோல் விலையை ஏற்றியதற்கு எதிராக ஈரானில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு ஒரு வாரம் போல இணையத்தையே அணைத்துவிட்டது. முதலாளியின் வாட்ஸ்அப் ஊமையாகிப் போனது. கல்லாப்பெட்டி மேல் ஒரு பழைய ரேடியோவை வைத்து, காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது இஷா தொழுகை முடிந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். வெளிநாட்டிலிருந்து வரும் பாரசீக நிலையம் ஒன்றைப் பிடித்தால், பேச்சின் மேலேயே உலை கொதிப்பது போல ஒரு சத்தம் ஏறி வரும். சிற்றலை நேயர்கள் இதைக் குமிழி ஜாமர் என்பார்கள். ஈரான் வேண்டுமென்றே அனுப்பும் இடைஞ்சல் இது. எஸ்எஸ்பி என்றால் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்துக் கேட்கும் வசதி. அந்தப் பொத்தானை அழுத்தி மேல் பக்கமோ கீழ்ப் பக்கமோ ஒதுங்கினால் சில வாக்கியங்கள் தப்பி வரும். இந்த விலைக்கு இப்படி ஒரு வசதி பெரிய விஷயம்.

அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. 1978இல் அப்போதைய மன்னர் ஷாவின் வானொலியை நம்பாத ஈரானியர்கள் சிற்றலையில் பிபிசி பாரசீகத்தைக் கேட்டார்கள். பாரிஸுக்கு வெளியே நோஃப்ல்-லெ-ஷாத்தோவில் ஷாவை எதிர்த்த மதத் தலைவர் கொமெய்னி பேசியது கேசட்டாக ஊர் ஊராகப் போனது. அப்படிப் புரட்சியில் வந்த கொமெய்னியின் ஆட்சி, வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது. அரசியல் சாசனம் 175ஆவது பிரிவின்படி அரசு ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைவரை, நாட்டின் தலைமை மதகுருவான உச்சத் தலைவர்தான் நியமிப்பார், அவரேதான் நீக்குவார். தொண்ணூறுகளில் டிஷ் ஆண்டெனாவுக்கும் தடை போட்டார்கள். ஆனாலும் தெஹ்ரான் மொட்டைமாடிகளில் டிஷ் இல்லாமல் போகவில்லை.

அலி லாரிஜானியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 முதல் பத்தாண்டு அந்த ஒளிபரப்பு நிறுவனத்தை நடத்தியவர், பிறகு 12 ஆண்டு நாடாளுமன்ற சபாநாயகர். அவரையே 2021 அதிபர் தேர்தலில் நிற்கக்கூடாது என்று, வேட்பாளர்களைச் சலித்தெடுக்கும் காவலர் மன்றம் தள்ளிவிட்டது. அந்த மன்றத்தின் 12 பேரில் 6 மதகுருமாரை நியமிப்பதும் உச்சத் தலைவர்தான். திரள் திரளாக வாக்களிப்பதே ஆட்சிக்கு மக்கள் தரும் ஒப்புதல் என்று அரசுத் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. 2021இல் பாதிப் பேர்கூட வரவில்லை, 48.8 சதவீதம்தான். 2024 முதல் சுற்றில் அதுவும் 40 சதவீதமாக இறங்கியது. மார்க்கத்தின் பெயரால் ஆள்கிறவர்கள், தங்கள் மக்கள் எதைக் கேட்கலாம் என்று இவ்வளவு பயப்படுவது தொழுகிற எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்று.

வெளிநாட்டு நிலையங்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை, அவற்றுக்கும் பணம் தரும் அரசுகள் உண்டு. அதனால்தான் ஈரானின் சொந்த ஒலிபரப்பு கிடைக்கிற இரவுகளில் அதையும் கேட்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு நாமே எடை போடலாம். அந்த வாய்ப்பு அங்கே இருப்பவர்களுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைக்கிறது என்பது அப்போது புரியும்.

ப்ளூடூத், மெமரி கார்டு வேண்டும் என்பவர்கள் வேறு மாடல் பாருங்கள், இதில் அவை கிடையாது. செய்தி கேட்க வேண்டும் என்பவர்கள் தயங்காமல் வாங்குங்கள். கம்பியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.