சங்கத்தில் சேரலாமா, விக்கிமூலத்தில் உட்காரலாமா?

நூலகவியல் முதுகலை மாணவர்களுக்கு நெட் தேர்வுப் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) படிப்பு போக வாரத்தில் நாலைந்து மணி நேரம் மிஞ்சினாலே பெரிது. அதை எங்கே செலவிடுவது? நூலகச் சங்கங்களிலா, பழைய புத்தகங்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகமான விக்கிமூலத்திலா?

முதலில் அகில இந்திய அமைப்புகள். இந்திய நூலகச் சங்கம் 1933இல் கல்கத்தாவில் தொடங்கியது. இப்போது அலுவலகம் தில்லியில். சிறப்பு நூலகங்களில் வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு 1955இல் பிறந்த இயஸ்லிக் (சிறப்பு நூலகங்கள், தகவல் மையங்களின் இந்தியச் சங்கம்) நெருக்கம். இரண்டிலும் மாநாடுதான் பெரிய வரவு. ஆனால் ரயில், தங்கும் செலவு எல்லாம் கைக்காசு. உங்கள் துறைப் பேராசிரியரோடு போனால் நாலு பேர் அறிமுகமாவார்கள். தனியாகப் போனால் ஒரு பை, ஒரு சான்றிதழ், மதியச் சாப்பாடு!

சென்னை நூலகச் சங்கம் இந்த இரண்டுக்கும் மூத்தது. 1928இல், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் முயற்சியில் உருவானது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் அவருடைய நூலகவியல் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டதும் இந்தச் சங்கம்தான். சென்னையிலோ பக்கத்திலோ படிப்பவர் கூட்டத்துக்குப் போய்விட்டு ராத்திரி விடுதிக்குத் திரும்பிவிடலாம். வேலைச் செய்தி காதில் விழுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

சரி, விக்கிமூலம்? கட்டணம் இல்லை, பயணமும் இல்லை. ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்து, கணினி படித்த எழுத்தைத் திருத்த வேண்டும். ஒருவர் மெய்ப்பு பார்த்தால் பக்கம் மஞ்சளாகும். அதைப் பச்சையாக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வகுப்பில் கேட்ட தலைவலிகள் இங்கே நேரில் வரும். மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார் மூவரும் ஒருவரே என்று யார் பதிவது, எந்த வடிவத்தை முதன்மையாக வைப்பது? பதிப்பாண்டு அச்சிடாத புத்தகத்துக்கு என்ன ஆண்டு போடுவது? இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்திலும் (2005 முதல் நடக்கிறது) இதே மாதிரிப் பதிவுச் சிக்கல்கள் வரும்.

குறையும் உண்டு. மாதக்கணக்கில் திருத்தினாலும் தோளில் தட்டிக்கொடுக்க ஆள் இருக்காது. நேர்காணல் குழுவில் ஒருவர் "அது என்ன மூலம்?" என்று கேட்கவும் கூடும்.

ஆனாலும் ஓராண்டுப் படிப்பில் இருப்பவருக்கு நான் விக்கிமூலத்தைத்தான் முதலில் சொல்வேன். அப்புறம் உள்ளூர்ச் சங்கம். அகில இந்திய மாநாடுகளுக்கு உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டால் மட்டும் டிக்கெட் எடுங்கள். சான்றிதழ் கேட்பவருக்கு உங்கள் பயனர் பங்களிப்புப் பக்கத்தின் சுட்டியை அனுப்பலாம். எந்தப் பக்கத்தை என்றைக்குத் திருத்தினீர்கள் என்பது தேதியோடு அதில் இருக்கிறது.