கிடத்திய பயறு நிமிர்வதைக் கணக்கிட: வில்லா, கம்பியா?

முளைவிட்ட பாசிப்பயறு நாற்றைப் பக்கவாட்டில் கிடத்தினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க மூன்று வழிகள் கிடைத்தன: தண்டை ஒரே வட்ட வில்லாக எடுப்பது, மெல்லிய மீள்கம்பியாக எடுப்பது, முழுத் திண்மமாக ஃபைனைட் எலிமென்ட்டில் (பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) போடுவது. நான் கம்பிக்குப் போனேன்.

திண்மம் எனக்குத் தேவைக்கு மேல். தண்டின் தடிமனுக்குள்ளேயே பல கூறுகள் போட வேண்டும், நீளத்துக்கு எண்ணிக்கை எங்கோ போய்விடும். உள்ளே எந்தத் திசு எவ்வளவு இழுபடுகிறது என்று பார்ப்பவர்களுக்கு அதுதான் சரி.

வில் மலிவு, வளைவு என்ற ஒரே எண்தான். உள்ளே காற்றை நிரப்பினால் சீராக வளையும் மென் ரோபோ கைகளுக்குப் பொருந்தும். முதல் வாரம் நானும் அதில்தான் இருந்தேன்.

அதைக் கவிழ்த்தது செடியின் உணர்வு. 2013இல் பாஸ்டியன், போர், மூலியா, துவாடி என்ற ஆய்வாளர்கள் நால்வரும் கொடுத்த விதியின் சமன்பாட்டில் இரண்டே உறுப்பு: தண்டின் ஒவ்வோர் இடமும் தன் சாய்வுக்கு ஏற்ப நிமிரும் பக்கம் வளையும், அதே நேரம் தன் வளைவையே உணர்ந்து அதைக் குறைக்கும். முதல் உறுப்பை மட்டும் வைத்து ஓட்டினால் தண்டு செங்குத்தைத் தாண்டிப் போகும், திரும்பும், மறுபடி தாண்டும், நேராகவே நிற்காது. இரண்டாவதும் சேர்ந்தால் நுனிப்பக்கம் நேராகி, மிச்ச வளைவு அடியில் ஒதுங்கும். எவ்வளவு நீளத்துக்குள் என்பதை இரண்டு உறுப்புகளின் கெழுக்களின் விகிதம் சொல்லும். கைபேசியில் எடுத்த படங்களிலும் அப்படித்தான் இருந்தது. அடியில் வளைவு, நுனியில் நேர் என்று சொல்ல ஒற்றை வில்லில் இடமே இல்லை. பல வில்களை ஒட்டலாம்தான். ஒட்டிக்கொண்டே போனால் கம்பிக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

கம்பியில் கணக்கிடும் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு வளைவுகள் உண்டு: இப்போது இருப்பது, எடையே இல்லாவிட்டால் இருக்க விரும்புவது. மீள் ஆற்றல் இரண்டின் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். உணர்வு விதி விரும்பும் வளைவை மட்டும் தொடும், எடையும் விறைப்பும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் நுனியில் இலையின் எடையைச் சேர்த்தபோது உணர்வுப் பகுதியில் ஒரு வரிகூட மாற்றவில்லை. வில்லில் அன்று எல்லாவற்றையும் திரும்ப எழுதியிருப்பேன்.

ஒரு தடுமாற்றம்: செடி உணர்ந்து குறைப்பது எந்த வளைவை, விரும்புவதையா, தொங்கிய பின் இருப்பதையா? என் நாற்று குட்டையானது, இரண்டுக்கும் படம் ஒன்றாகவே வந்தது. நெடுந்தண்டில் அப்படி வரும் என்று சொல்ல மாட்டேன்.

தடித்துக் குட்டையான ரோபோ கைகளுக்கு நறுக்கு விகாரத்தையும் (குறுக்குவெட்டு பக்கவாட்டில் சரிவது) நீட்சியையும் சேர்த்துக்கொள்ளும் கோஸெராட் கம்பி வேண்டும். எனக்கு, வளைவதையும் முறுக்குவதையும் மட்டும் எடுக்கும் 1859இன் கிர்ச்சாஃப் கம்பியே போதுமாக இருந்தது. அதுவும் ஒரு தளத்துக்குள்தான். அவரைக்கொடி பந்தல்காலைச் சுற்றுவதற்கு முறுக்கும் தொடுகையும் தேவை, அதில் நான் இன்னும் கை வைக்கவில்லை.