இறைப்பதா, ஊதுவதா: டீசல் கசிந்த நிலத்துக்கு எது?

நிலத்துக்குள் இறங்கிய டீசலை எடுக்க வரும் ஒப்பந்தக்காரர்கள் பொதுவாக இரண்டு வழிகளைச் சொல்வார்கள். முதலாவது, கிணறு போட்டு நிலத்தடி நீரை இறைத்து, மேலே கரி வடிகட்டியில் சுத்தம் செய்து வெளியே விடுவது. இரண்டாவது, நீர்மட்டத்துக்குக் கீழே மெல்லிய குழாய்களை இறக்கிக் காற்றை ஊதுவது. மண்ணில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிரிகள் அந்தக் காற்றை வைத்துக்கொண்டு டீசலைத் தின்று தீர்க்கும். மலேசியாவின் பந்திங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்காக ஒரு பழைய பட்டறையை நாங்கள் வாங்கினோம். முந்தைய காலத்துத் தொட்டி ஒன்று அதன் அடியில் துருப்பிடித்துக் கசிந்திருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்தது ஊதுவதைத்தான். எனவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்புவது மூன்றாவது வழி. தொட்டிக்கு நேர் கீழே இருந்ததை அப்படித்தான் எடுத்தோம். கசிவு கட்டடத்தின் அடிக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நீர்மட்டத்தின் மேல் தனியாக மிதக்கும் எண்ணெயை முதலில் வழித்து எடுத்துவிட வேண்டும் என்பதிலும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதற்குப் பிறகு மண்ணில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுவதைப் பற்றித்தான்.

பந்திங் இருக்கும் லங்காட் ஆற்றுப் படுகையின் தாழ்நிலத்தில் நிலம் அடுக்கடுக்காக இருக்கிறது. ஆழத்தில் மணலும் சரளையும் கலந்த நல்ல நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீர் தேங்கி ஓடும் அடுக்கு. அதன் மேல் தடித்த கடல் களிமண். அதற்கும் மேலே இடத்துக்கு இடம் மாறும் மண். எங்கள் பட்டறையில் கொட்டி நிரப்பிய செம்மண்ணும் கொஞ்சம் மணலும். மணலில் நீர் ஓடும் வேகத்துக்கும் களிமண்ணில் ஊறும் வேகத்துக்கும் பல்லாயிரம் மடங்கு, சில இடங்களில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் உண்டு. ஆகவே மேலே கசிந்தது கீழே இறங்காமல், மணல் வழியாகப் பக்கவாட்டில் போகிறது. அந்தக் களிமண்தான் கீழே உள்ள நீருக்குக் காவல். கண்காணிப்புக் கிணறு போடுகிறேன் என்று யாராவது அதைத் துளைக்க வந்தால், குழாயைச் சுற்றிப் பென்டனைட் (நீர் பட்டால் உப்பும் களிமண்) வைத்து அடைப்பார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மேல் மணலுக்குள்ளேயும் மெல்லிய களிமண் ஏடுகள் ஊடாடிக் கிடக்கும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. கரைந்த டீசல் பல ஆண்டுகளாக, மாங்காயில் உப்பு ஏறுவது போல, அந்த ஏடுகளுக்குள் மெல்ல ஏறியிருக்கும். மணலில் ஓடும் நீரை இறைத்துச் சுத்தமாக்கினாலும் ஏடுகளில் இருப்பது மெதுவாகத் திரும்ப வெளியே வரும். சோதனைக்கூட அறிக்கையில் அளவு மளமளவென்று இறங்கும். பிறகு ஒரு இடத்தில் அசையாமல் நிற்கும். பம்பை நிறுத்தினால் மறுபடி ஏறும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல், இறைத்துச் சுத்திகரித்த 77 இடங்களை எடுத்துப் பார்த்தபோது, இலக்கை எட்டியவை மிகச் சிலவே.

“தண்ணீரை இறைத்தால் எண்ணெயும் கூடவே வந்துவிடாதா?” என்று என் மச்சான் கேட்டார். வராது, மச்சான். டீசல் நீரில் அவ்வளவாகக் கரையாது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ டீசலைக் கரைத்து வெளியேற்ற 2 லட்சம் லிட்டர் இறைக்க வேண்டும். அதே ஒரு கிலோவை நுண்ணுயிரி தின்று முடிக்க ஏறக்குறைய மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் போதும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக, 13,000 லிட்டர் காற்று. பத்தில் ஒன்பது பங்கு வீணாக மேலே போனாலும் 130 கன மீட்டர்தான். சிறிய ஊதுகுழல் இயந்திரம் ஒன்று ஓரிரு நாளில் தள்ளிவிடும். நம் ஊர் மண்ணின் வெப்பமும் உதவிக்கு வருகிறது. குளிர்நாடுகளில் சோம்பிக் கிடக்கும் நுண்ணுயிரிகள் இங்கே ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன.

இந்தக் கணக்குகூட என்னை முழுதாக மாற்றவில்லை. பராமரிப்புதான் மாற்றியது. கிள்ளான் பக்கம் இறைப்பு முறை வைத்திருந்த ஒரு நண்பரின் பட்டறையில், கழற்றிப் போட்ட குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான படிவு. இரண்டு அங்குலக் குழாயில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே துவாரம் மிஞ்சியிருந்தது. நம் நிலத்தடி நீரில் இரும்பு அதிகம். மண்ணுக்குள் கரைந்து தெளிவாக இருக்கும் அது, மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. பம்பு, வால்வு, கரித்தொட்டி எதையும் விட்டுவைப்பதில்லை. எண்ணெயைப் பிடிக்க வேண்டிய கரி இரும்பால் அடைபட்டுத் தன் ஆயுளுக்கு முன்பே மாற்றப்படும். மாற்றிய கரியைக் குப்பையோடு போட முடியாது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளின்படி அடையாளச் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் எழுதி, 180 நாளுக்கு மேல் வைத்திருக்காமல் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். நண்பர் டீசலுக்குச் செலவழித்ததைவிட இரும்புக்குச் செலவழித்ததே அதிகம் என்பார். விலைப்பட்டியலில் இரும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம்.

எங்கள் ஊதுகுழலுக்கு வேண்டியது காற்று வடிகட்டியும் ஒரு வார்பட்டையும்தான். லாரிகள் கிளப்பும் செம்மண் தூசியில் வடிகட்டி சீக்கிரமே செங்கல் நிறமாகிவிடுகிறது. பட்டறைப் பையனே தட்டி மாட்டிவிடுகிறான். அழுத்தமானியின் முள் வழக்கத்தைவிட மேலே நின்றால் குழாயின் துளைகளில் இரும்பு படிகிறது என்று பொருள். ஆம், இரும்பு இங்கேயும் உண்டு. ஆனால் மண்ணுக்குள் படிவதை யாரும் பீப்பாயில் அடைத்து அனுப்ப வேண்டியதில்லை.

இறைப்பு முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. பலமாக இறைத்தால் நீர்மட்டம் தாழும். மிதக்கும் எண்ணெய் அதனுடன் இறங்கி, அதுவரை சுத்தமாக இருந்த மணலில் பூசிக்கொள்ளும். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அந்தப் பூச்சு நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும்.

அதற்காக இறைப்பதை ஒதுக்கிவிட முடியாது. கசிவு நகர்ந்து பக்கத்து நாற்றங்கால் கிணற்றை நோக்கிப் போகிறது என்றால் நானும் பம்பைத்தான் போடுவேன். பரவலைத் தடுத்து நிறுத்த அதற்கு ஈடு இல்லை. ஊதுவதோ தவறான இடத்தில் தொடங்கினால் கசிவை இன்னும் தள்ளிவிடலாம். கசிந்தது பெட்ரோலாக இருந்தால் ஆவி கட்டடத்துக்குள் ஏறும் ஆபத்தும் இருக்கிறது; ஆவியை உறிஞ்சும் ஏற்பாடு இல்லாமல் தொடவே கூடாது. உலோகம் துடைக்கும் குளோரின் கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை, களிமண்வரை மூழ்கி அதன் பள்ளங்களில் தேங்குபவை. அவற்றோடு எனக்குப் பழக்கமில்லை. அவற்றுக்கு இந்தக் கட்டுரையை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். களிமண் ஏடுகளுக்குள் காற்றும் நுழைவதில்லை, அவற்றின் அடியில் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. உள்ளே இருப்பது தானாக வெளியே வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். குறைந்த செலவில் காத்திருக்கலாம் என்பதே எங்கள் பக்கத்து ஆதாயம். எங்கள் பட்டறையில் அது இன்னும் முடியவில்லை.

எந்த முறையை எடுத்தாலும், இயந்திரத்தை நிறுத்திய பிறகு நீரைச் சோதிக்கும் செலவை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நல்ல அறிக்கையைக் காட்டிக் கடைசித் தவணையைக் கேட்பார்கள். மழைக்காலம் ஒன்று கடந்து எடுத்த அறிக்கை வரும்வரை அந்தத் தவணையை எங்கள் ஒப்பந்தத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.