மோர்கோனா, குரோஸ்-எர்மிதாஜா? லியோன் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்

பிரான்சின் லியோன் நகரத்தில் மூன்று ஆறுகள் ஓடுவதாக ஒரு பேச்சு உண்டு: ரோன், சோன், மூன்றாவதாக போஜொலே. போஜொலே ஆறு இல்லை, ஒயின். ஊருக்கு வடக்கே போஜொலே மலைச்சரிவுகள், தெற்கே ரோன் பள்ளத்தாக்குத் தோட்டங்கள். அதனால் 'புஷோன்' எனப்படும் அங்கத்திய சிறு உணவகங்களில் உட்கார்ந்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: வடக்கத்தி மோர்கோனா, தெற்கத்தி குரோஸ்-எர்மிதாஜா?

மோர்கோன், காமே திராட்சையில் செய்யும் ஒயின். 1395-ல் பர்கண்டி கோமகன் ஃபிலிப் இந்தக் கொடியை விசுவாசமில்லாதது என்று திட்டி, வெட்டி எறியச் சொல்லி ஆணையிட்டார். அவருக்கு ஆகாத கொடி போஜொலேயின் கிரானைட் மண்ணில் அருமையாகக் காய்க்கிறது. அங்கே பழத்தை நசுக்காமல் குலையோடு தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் இருப்பவை பாரம் தாங்காமல் உடைந்து நொதிக்கும். அதில் கிளம்பும் கரியமில வாயு சூழ்ந்துகொள்ள, மேலே உள்ள பழங்கள் தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். தோலின் துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. செர்ரி வாசனை, வாயில் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு, அவ்வளவுதான். போஜொலே வகைகளில் மோர்கோன் கொஞ்சம் கனமானது. வருடம் ஆக ஆக அது முதிர்வதைச் சொல்ல 'மோர்கோனே' என்று தனி வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள்.

குரோஸ்-எர்மிதாஜ் சிரா திராட்சை. நிறம் கருஞ்சிவப்பு, கருப்பு ஆலிவ் வாசம், அப்புறம் மிளகு. அந்த மிளகு வாசனை வெறும் வர்ணனை இல்லை. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் சிராவிலும் இருக்கிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரசத்துக்கு மிளகு தட்டும்போது எழும் வாசனை தெரிந்தவர்களுக்கு இந்த ஒயினை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் துவர்ப்பும் அதிகம். சாப்பாட்டோடு வைக்கும்போது அந்தத் துவர்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லியோன் சாலட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லேசாகக் கசக்கும் கீரை, பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள், கடுகும் வினிகரும் கலந்த சாறு, மேலே வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை. கத்தி பட்டதும் மஞ்சள்கரு வழிந்து கீரையெல்லாம் பரவும். அந்த வாயோடு குரோஸ் குடித்தால், பித்தளை டம்ளரை நக்கிய மாதிரி ஒரு கசப்பு. மோர்கோனுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அதன் புளிப்பு வினிகருக்கு ஈடுகொடுக்கும், கொழுப்பையும் வழித்துவிடும். வினிகரில் சமைத்த கோழிக்கும், பிரியோஷ் ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட சாசேஜுக்கும் இதே நியாயம்தான். தட்டில் வைத்தால் தானே இளகி வழியும் சேன்-மார்ஸெலான் பாலாடைக்கட்டிக்கும் மோர்கோன்தான்.

ஆட்டுத்தொடை வந்துவிட்டால் கதை மாறும். துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் உலர்ந்து இழுக்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் கூட இருந்தால் அது அங்கே பாதி செலவாகிவிடும். குரோஸ் இளகி, பழமும் மிளகும் மேலே வரும். ஆலிவ் போட்டு மெதுவாக வேகவைத்த மாட்டுக்கறிக்கு இதைவிடப் பொருத்தமான துணை அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இளம் மோர்கோன் இந்த இடத்தில் தண்ணீராகத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன்.

சூடும் முக்கியம். மோர்கோனை 14 டிகிரியில், குரோஸை 16, 17-ல் ஊற்றினால் சரி.

ஒரே மேசையில் ஒருவர் ஆட்டுக்கறியும் இன்னொருவர் முட்டை சாலட்டும் கேட்டு, ஒரு புட்டிதான் வாங்குவது என்றால் நான் ஐந்தாறு வருடம் ஆன மோர்கோன் கேட்பேன். ஆட்டுக்கறியை அது கெடுக்காது. முட்டையைக் குரோஸ் கெடுத்துவிடும்.