சிஏ ஹிஞ்சா, பின் ஹிஞ்சா: நம்ம மதுரை வெயிலுக்கு எது சரி?

பால்சா மரத்துல ரிமோட் ப்ளேன் கட்டுற நம்ம பயலுக என்கிட்ட அடிக்கடி கேக்கறது இதுதான், எலிவேட்டர், ரடர், அய்லரான்னு ப்ளேன திருப்பற அசையும் பலகைகளுக்கெல்லாம் சிஏ (சயனோஅக்ரிலேட், அதாவது இன்ஸ்டன்ட் க்ளூ) விட்டு ஒட்டற ஹிஞ்ச் (கீல்) போடலாமா இல்ல நைலான் பின் ஹிஞ்ச் வாங்கி எபாக்ஸில (ரெண்டு பாகத்தக் கலந்து ஒட்டற பசை) ஒட்டலாமாண்ணேன்னு. நேராவே சொல்லிடறேன். ஒன்றரை மீட்டர் இறக்கை வரைக்கும் உள்ள ட்ரெய்னர் (பறக்கவிடப் பழகற ப்ளேன்), ஸ்போர்ட் ப்ளேனுக்கு சிஏ ஹிஞ்சே தாராளமா போதும், ஆனா கையில நல்லா தண்ணியா ஓடுற புது சிஏ இருந்தா மட்டும். இல்லேன்னா யோசிக்காம பின் ஹிஞ்சுக்கு போயிருங்க. முதல்ல ஹிஞ்ச வாங்கிட்டு அப்புறம் க்ளூவுக்கு அலையாதீங்க, எந்த க்ளூ நல்ல நிலைல கைக்கு வருதோ அத வச்சுத்தான் ஹிஞ்ச முடிவு பண்ணணும்.

சிஏ ஹிஞ்ச பிரிச்சுப் பாத்தா ஏன்னு புரியும். நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பிலிம், ரெண்டு பக்கமும் துணி மாதிரி நாரு. விளக்குத் திரி எண்ணெய இழுக்கற மாதிரி அந்த நாரு சிஏவ உள்ள இழுத்துக்கிட்டு போயி மரத்தோட சேத்து கெட்டியாக்கிரும். அது நடக்கணும்னா தண்ணியா ஓடுற தின் சிஏ தான் வேணும், மீடியமும் திக்கும் ஹிஞ்ச சொருகற ஸ்லாட்டு வாய்லயே நின்னுரும், வெளிய இருந்து பாத்தா சூப்பரா ஒட்டுன மாதிரி தெரியும். போன கோடைல மேலூர் பக்கம் வத்திப்போன ஒரு கண்மாய்ல பறக்கவிடப் போனப்ப ஒரு தம்பியோட ட்ரெய்னர்ல அய்லரான புடிச்சு லேசா இழுத்தேன், ஒரு ஹிஞ்ச் அப்படியே கையோட வந்துருச்சு. விளிம்புல ரெண்டு மில்லிமீட்டருக்கு மட்டும் க்ளூ கண்ணாடி மாதிரி பளபளன்னு காஞ்சிருக்கு, மத்த இடமெல்லாம் நாரு வெள்ளை வெளேர்னு புதுசா அப்படியே இருக்கு. பாட்டில் பழசாகி க்ளூ தடிச்சிருச்சு, அவ்வளவுதான் விஷயம். நல்லவேளை தரையில வச்சு தெரிஞ்சுச்சு.

அதனால சிஏ போடுறவங்க இத செய்யுங்க. ஸ்லாட்டு வெட்டுனதும் அதுக்கு நடுவுல ஒன்றரை மில்லிமீட்டர் ட்ரில் பிட்டு வச்சு ஹிஞ்ச் போற ஆழத்துக்கு ஒரு ஓட்டை போடுங்க, க்ளூ அந்த வழியா கடைசி வரைக்கும் ஓடிரும். ஸ்லாட்ட சுத்தி மரத்து மேல ஒட்டியிருக்கற கவரிங் பிலிம்ம கொஞ்சம் வெட்டி எடுத்துருங்க, இல்லேன்னா பாதி க்ளூ பிலிம் மேல பரவி வீணாப் போகும். ஹிஞ்சு நடுவுல ஒரு குண்டூசி குத்தி வச்சா அங்கிட்டும் இங்கிட்டும் சரிபாதி நிக்கும். ரெண்டையும் சேத்து இடைவெளி இல்லாம அமுக்கிட்டு, ஊசிய உருவிட்டு, மேல அஞ்சாறு சொட்டு, திருப்பிப் போட்டு கீழ அஞ்சாறு சொட்டு, ஒவ்வொரு சொட்டும் உள்ள இறங்குனதுக்கு அப்புறம்தான் அடுத்தது. சிஏவ சட்டுன்னு காய வைக்கற கிக்கர் ஸ்ப்ரே மட்டும் அடிச்சிராதீங்க, அது மேலாக்கவே கெட்டியாக்கி உள்ள போறத நிறுத்திரும். பத்து நிமிசம் தொடாம விட்டுட்டு அப்புறம் மடக்குங்க.

ஃபெவிகுவிக் போதுமான்னு கேப்பீங்க. அதுவும் சிஏ தான், புதுசா ஒடைச்ச ட்யூபா இருந்தா ஓடும், ஒடைச்ச அன்னைக்கே முடிச்சிரணும். அடுத்த வாரத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க. ஹாபி சிஏ பாட்டில நல்லா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, நம்மூர் சூட்டுல அலமாரில வச்சா சீக்கிரம் தடிச்சுப் போகும்.

பின் ஹிஞ்ச் வேற சாதி. ரெண்டு நைலான் துண்டு, நடுவுல ஒரு கம்பி. ஆட்டம் ரொம்ப லேசா இருக்கும், சர்வோவுக்கு (பலகைய அசைக்கற சின்ன மோட்டார்) சுமையே தெரியாது. பெரிய ப்ளேன், பெட்ரோல் இன்ஜின், த்ரீடி சாகசம் அடிக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன். சில வகைல கம்பிய உருவி எலிவேட்டர தனியா கழட்டி கவரிங் மாத்திக்கலாம், சிஏல அந்தப் பேச்சுக்கே இடமில்ல, அறுத்துத்தான் எடுக்கணும். ஆனா வேலை கூட. எல்லா மூட்டும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும், ஒண்ணு கோணுனாலும் பிடிக்கும். மூட்டுக்குள்ள எபாக்ஸி போகாம இருக்க வாசலின்ன பல்குச்சி நுனில தொட்டு மூட்டுல மட்டும் தடவணும், ஹிஞ்சோட ஒட்டுற பக்கத்துல பட்டுச்சுன்னா ஒட்டவே ஒட்டாது. எபாக்ஸியையும் ஹிஞ்சுல தடவுறதோட நிறுத்தாம பல்குச்சியால ஓட்டைக்குள்ள விட்டு சுவரெல்லாம் பூசணும். வழிஞ்சத ஸ்பிரிட் தொட்ட துணில உடனே துடைச்சிருங்க.

இங்கதான் நம்ம வெயில் வருது. பத்து டிகிரி கூடுச்சுன்னா எபாக்ஸி கெட்டியாகற நேரம் கிட்டத்தட்ட பாதியாயிரும். சித்திரைத் திருவிழா நேரத்துல மத்தியானம் அஞ்சு நிமிச எபாக்ஸிய கலக்குனா மூணாவது ஹிஞ்சுக்கு போறதுக்குள்ள கப்புலயே ஜவ்வாயிரும், அப்புறம் எங்க நேரா வைக்கறது. சாதா அரால்டைட்ட சமமா கலந்து ராத்திரி ஒட்டி காலைல வரைக்கும் விட்டுருங்க, அவசரமே வேணாம். சிஏவுக்கு இந்தத் தொல்லை கம்மி, ஒரு சாயங்காலத்துல மொத்த ப்ளேனும் முடிஞ்சிரும், எடையும் கம்மி.

தெர்மாகோல், டெப்ரான் மாதிரி ஃபோம் ப்ளேன்காரங்க ரெண்டு பக்கமும் வர வேணாம். சாதா சிஏ ஃபோம கரைச்சிரும். விளிம்ப 45 டிகிரிக்கு சீவி நல்ல டேப் ஹிஞ்ச் போடுங்க, ஒட்டறதுக்கு முன்னாடி தூசியத் துடைங்க, வெயில்ல கிடந்தா பசை இளகும்ங்கறதால டேப்ப அடிக்கடி பாத்துக்குங்க. சன்பேக் ஷீட்டுன்னா (உள்ள பொந்து இருக்கற பிளாஸ்டிக் அட்டை) ஒரு பக்கத் தோல மட்டும் கீறி மடக்குனா அதுவே ஹிஞ்ச்.

எது போட்டாலும் ஒவ்வொரு ஹிஞ்சுக்கிட்டயும் புடிச்சு நல்லா இழுத்துப் பாருங்க, மெதுவா இல்ல, பிஞ்சா பிய்யட்டும்னு இழுங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்து இடைவெளி தெரிஞ்சா அடியில கவரிங் துண்டு வச்சு அடைங்க, லூஸும் இடைவெளியும் சேந்துச்சுன்னா வேகத்துல ஃப்ளட்டர் (படபடன்னு அதிர்றது) வந்து அய்லரானே பிச்சுக்கிட்டு போயிரும். கண்மாய்ல கட்டாந்தரைல இறங்கி குதிச்ச ஒவ்வொரு தடவையும் அடுத்த பேட்டரி மாட்டுறதுக்கு முன்னாடி இதே இழுவைய திரும்பப் போடுங்க.